எரியாத ஆறு பல்புகள்

திருவண்ணாமலையில் பே கோபுரத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில் போய் நசீம் பானு வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. 'எண்ணுற பாய்வூட்டம்மா' என்று கேட்டால் வாசல்வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

அவள் எந்நேரமும் எண்ணிக்கொண்டிருப்பாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை அப்படிப்பட்டது. நாற்பத்திரண்டு சுற்று என்றால் நாற்பத்திரண்டுதான். இருபத்தேழாவது சுற்றில் எவராவது வந்து "பாய் இருக்காராம்மா?" என்று கேட்பார். "தொழுவப் போயிருக்கார், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு இருபத்தெட்டைத் தப்பாமல் பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் அடுப்படிக்கும் வந்துவிட்டது. பால் பொங்குவதை அவள் எட்டிப் பார்க்கவே மாட்டாள், எண்ணித்தான் இறக்குவாள். கணவனின் குறட்டையையும் எண்ணியிருக்கிறாள் என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு. அதை அவள் மறுத்ததில்லை.

கீழ்பென்னாத்தூரில் பிறந்து, 1971இல் கலீல் ரஹ்மானுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தச் சந்துக்கு வந்தவள். கலீலுக்கு இரண்டு தொழில். மோட்டார் ரீவைண்டிங் ஒன்று, கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது மற்றொன்று. அவன் விரல்கள் தடித்தவை. மெல்லிய செம்புக் கம்பியைப் பிடித்தால் அது பட்டென்று அறுந்துவிடும், கூடவே அவனுடைய பொறுமையும். ஒருநாள் அவன் திட்டிவிட்டு எழுந்து போன இடத்தில் இவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. பெயர்ப் பலகையில் அவன் பெயர் இருந்தது, மோட்டார்களின் வயிற்றுக்குள் அவள் கை இருந்தது. கலீல் நல்ல மனிதன்தான். பெருமை கொஞ்சம் ஜாஸ்தி.

நசீமுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பது. மூன்று ஒயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் ஏன் பின்பக்கமாகச் சுற்றுகிறது? பெரிய மெஷின் கிளம்பும்போது தெருவிளக்கு ஏன் அழுது வடிகிறது? "அது அப்படித்தான்" என்பான் கலீல். அந்த இரண்டு சொற்களை அவள் வெறுத்த அளவுக்கு உலகத்தில் வேறு எதையும் வெறுத்ததில்லை. பதிலைத் தானே தேடிக்கொள்வாள். கிடைக்காவிட்டால் அந்தக் கேள்வியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டவள்போல வருஷக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைவாள்.

1983 பங்குனியில், அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து தனம் என்கிற பெண் கடைக்கு வந்து நின்றாள். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. தனத்தின் கணவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஊரில் அவளும் இரண்டு ஏக்கர் நெல்லும்தான். கிணற்றில் தண்ணீர் அடியோடு போனதால், கிணற்றுக்குள்ளேயே ஆழமாகப் போர் போட்டு, ஏழரைக் குதிரைசக்தி மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தாள். பயிரும் எப்படியோ கதிர் விட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது.

"வேற வர்றதுக்குப் பதினஞ்சு நாளாவுமாம் பாய். இப்பதான் கதிர்ல பால் புடிக்குது. ஒரு வாரத்துல தண்ணி காட்டலன்னா எல்லாம் பதராப் பூடும். உங்க ஜெனரேட்டர் மெஷின் ஒண்ணு குடுங்க" என்றாள் தனம்.

ஆயில் எஞ்சினில் பெல்ட் போட்டு ஓட்டுகிற பம்பாக இருந்தால் வழி இருந்தது. நூற்றைம்பது அடிக்குக் கீழே முழுகிக் கிடக்கிற மோட்டாருக்குக் கரண்டைத் தவிர வேறு எதையும் அனுப்ப முடியாது. கலீல் ஒரு ஜெனரேட்டரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் எஞ்சின் 'ஹூம்' என்று முனகி, கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. நின்று கிடக்கிற மோட்டார் எழும்பும்போது, ஓடும்போது கேட்பதைப் போலப் பல மடங்கு கரண்டு கேட்கும். அந்த ஒரு மெஷினுக்கு அவ்வளவு தெம்பில்லை. பெரிய மெஷின் வேலூரில் ஒருவரிடம் இருந்தது. அது ஒரு மாதத்துக்கு எங்கோ அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தது.

கலீலிடம் அதே மாதிரி இன்னொரு மெஷின் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால்?

கல்யாண வீட்டில் இரண்டு மெஷின் வைத்தால் பந்தலுக்கு ஒன்று, சமையல்கட்டுக்கு ஒன்று என்று விளக்குகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் எந்தத் தொல்லையும் இல்லை. மோட்டாரைப் பிரிக்க முடியாது. இரண்டின் கரண்டும் ஒரே ஒயருக்குள் ஒன்றாகப் போயாக வேண்டும். அதற்கு ஒரு வித்தை உண்டு என்று கலீல் எங்கோ ஒரு மில்லில் காதில் வாங்கியிருந்தான். இரண்டு மெஷினுக்கும் நடுவில் சுவிட்ச், சுவிட்சுக்குக் குறுக்கே பல்பு. பல்பு எரியும், அணையும், எரியும், அணையும். சரியான நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட வேண்டும். எது சரியான நேரம் என்பதை மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அதையெல்லாம் கேட்டால் அப்புறம் பெருமை என்னாவது?

கலீல் லைட்டுக்காரன். பதினைந்து வருஷத் தொழிலில் அவனுக்கு வெளிச்சம் வந்தால் வேலை முடிந்தது. வெளிச்சம் போனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒற்றுமையாகச் சேர்ந்து அடிக்க வருவார்கள். அவன் கண்ணும் கையும் அப்படியே பழகியவை. அதனால், கடை வாசலில் இரண்டு மெஷினையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது, பல்பு பளிச்சென்று எரிகிற நேரமாகப் பார்த்துச் சுவிட்சைப் போட்டான்.

வெடி போட்டதுபோல ஒரு சத்தம். ஃபியூஸ்கள் சிதறின. எஞ்சினையும் ஜெனரேட்டரையும் இணைக்கிற போல்ட்டுகள் அறுந்து தெறித்தன. ஒரு மெஷினின் காயில் கருகி நாறியது. சுவிட்சிலிருந்து சீறிய நெருப்பு கலீலின் வலது உள்ளங்கையைச் சுட்டுவிட்டது. "ரெண்டு கரண்டு சேராது. எண்ணெயும் தண்ணியும் மாதிரி. இனிமே யாரும் எங்கிட்ட இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

கருகிய காயிலை நசீம் இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாகச் சுற்றினாள். சுற்றும்போது வாய் எண்ணியது, மனசு வேறு ஒன்றைச் சுற்றியது. இரண்டும் ஒரே மாதிரி மெஷின். ஒரே அளவு கம்பி, ஒரே எண்ணிக்கை. அவள் கையாலேயே சுற்றியவை. கூடப் பிறந்தவை சேராது என்றால் ஏன் சேராது?

இரண்டாம் நாள் தனம் மறுபடி வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு கதிரை எடுத்து நசுக்கிக் காட்டினாள். பால் இருந்தது, ஆனால் கம்மியாக இருந்தது. நசீமுக்கு அது, பிள்ளைக்குப் பால் வற்றிப்போன வீட்டைப் பார்த்ததுபோல் இருந்தது.

தனம் போன பிறகு, கடையில் கரண்டு சரிபார்க்க வைத்திருந்த பல்பை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கும். ஒன்றை பிளக் பாயிண்டின் ஒரு ஓட்டையிலும் இன்னொன்றை அடுத்த ஓட்டையிலும் சொருகினாள். எரிந்தது. எரியாமல் என்ன? பிறகு, பார்க்கிறவர்கள் சிரிக்கக்கூடிய ஒரு காரியம் செய்தாள். இரண்டு ஒயரையும் முறுக்கி ஒரே ஓட்டையில் சொருகினாள். பல்பு எரியவில்லை.

ஓட்டைக்குள் கரண்டு இருக்கிறது. பல்பு நல்ல பல்பு. ஆனாலும் எரியவில்லை. இந்தப் பக்கமும் அதே, அந்தப் பக்கமும் அதே, அதனால் நடுவில் ஓட ஒன்றுமில்லை. அப்படியானால் பல்பு எரிகிறது என்றால், இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். எவ்வளவு பளிச்சென்று எரிகிறதோ அவ்வளவு பெரிய சண்டை.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

கலீல் வந்து பார்த்தான்.

"நீங்க அதுங்க சண்ட போட்டுக்கினு இருக்கும்போது சேத்து வெச்சிட்டீங்க" என்றாள் அவள். "பல்பு அணையணும். அப்பதான் ரெண்டும் ஒண்ணா மூச்சு வுடுதுன்னு அர்த்தம். இருட்டாவும்போது போடணும்."

"பைத்தியமா உனக்கு? இருட்டாச்சுன்னா கரண்டு இல்லன்னு அர்த்தம்" என்றான் கலீல். சொல்லிவிட்டுப் பல்பை இடது கையில் வாங்கினான். இரண்டு ஓட்டையில் சொருகினான். ஒரே ஓட்டையில் சொருகினான். மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. மூன்றாவது தடவைக்குப் பிறகு பல்பைக் கீழே வைத்தான்.

"பதினஞ்சு வருசமா பல்பு மாட்டுறேன் நசீமு" என்றான், ரொம்பச் சின்னக் குரலில்.

அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

அன்று மாலைக்குள் அவள் கேள்வியாகக் கேட்டுத் தீர்த்துவிட்டாள். மூன்று ஒயர் இருக்கும்போது ஒன்றில் மட்டும் பல்பு போட்டால் மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்று எப்படித் தெரியும்? ஆகவே மூன்றிலும் பல்பு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது இரண்டு மெஷினின் வேகமும் சேர்ந்து ஒரு பல்பின் தலையில் விழுமே, தாங்குமா? ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகத் தொடுத்து, ஆறு பல்பு. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கரண்டு கம்மியாக வருகிற நாளில் பல்பு செத்துக் கிடக்கும், ஆனால் ஒயரைத் தொட்டால் அடிக்கும். அதேபோல, பல்பு அணைந்த பிறகும் கொஞ்சம் சண்டை மிச்சமிருக்கலாம், அதனால் அணைந்த உடனே போடக் கூடாது. இருட்டின் நட்டநடுவில் போட வேண்டும். நடு எது என்று எப்படித் தெரியும்? எண்ணித்தான். எண்ணுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

மறுநாள் காலை இரண்டு மெஷின்களும் அடி அண்ணாமலைக்குப் போயின. டிராக்டர் பெட்டியில் ஒரு மூலையில் நசீம், மடியில் ஆறு பல்புகள். லைன்மேன் முருகையன் அங்கே முன்னதாகவே வந்து நின்றான்.

"பாய், நீங்க போடுற கரண்டு கம்பத்துக்கு ஏறிச்சின்னா மேல வேல செய்யறவன் செத்தான். மொதல்ல லைனைக் கட் பண்ணணும்" என்று சொல்லி, தனத்தின் போர்டிலிருந்த மூன்று ஃபியூஸ்களையும் உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேலை முடிகிறவரை அந்தப் பையின்மேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. கலீல் இரண்டு மெஷினுக்கும் தரையில் எர்த் கம்பி அடித்துக் கட்டினான். வெயிலில் பல்பு தெரியாது என்பதால் சுவிட்சையும் பல்புகளையும் பம்ப்செட்டு ரூமின் இருட்டுக்குள் மாட்டினார்கள்.

இரண்டு எஞ்சினும் கிளம்பின. வோல்ட் மீட்டர் முள் இரண்டிலும் ஒரே இடத்துக்கு வருகிறவரை கலீல் சரிசெய்தான். பல்புகள் எரிந்தன. ஆனால் மூன்று ஜோடியும் சேர்ந்து எரியவில்லை. ஒன்று எரிந்து அணைய, அடுத்தது எரிந்து அணைய, அதற்கடுத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்தன.

கதவோரம் நின்ற தனம், "இன்னாம்மா இது, கிரிவலம் போவுது!" என்றாள்.

கலீலின் முகம் வெளுத்துவிட்டது. நசீம் மட்டும் பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சுற்றலை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். இரண்டு ஒயரை மாற்றினால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுமே, அதே சமாசாரம். ஒரு மெஷினின் மூன்று ஒயரும் ஒரு வரிசையில் வருகின்றன, இன்னொன்றின் ஒயர்கள் எதிர்வரிசையில் வருகின்றன. அதில், எத்தனையோ வருஷமாக அவள் தூக்கிக்கொண்டு அலைந்த கேள்விக்கும் கொஞ்சம் பதில் கிடைத்ததுபோல் இருந்தது.

"ஏங்க, ஒரு மெஷினை நிறுத்துங்க. அதுல ரெண்டு ஒயரை மாத்திக் குடுங்க" என்றாள்.

மாற்றிக் கிளப்பியதும் ஆறு பல்பும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. முதலில் படபடவென்று துடித்தன. கலீல் எஞ்சினின் வேகத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகத் திருக, துடிப்பு மெதுவாகி, கடைசியில் தூங்குகிறவரின் மூச்சைப்போல நிதானமாகிவிட்டது. நசீம் எண்ண ஆரம்பித்தாள். இருட்டு ஆறு எண்ணிக்கை நின்றது. திரும்ப எண்ணினாள். ஆறு. இன்னொரு தடவையும் ஆறு.

"மூணு சொல்லும்போது போடுங்க" என்றாள்.

கலீல் சுவிட்சின் கைப்பிடியை இடது கையால் பிடித்தான். வெளிச்சம் மங்கியது, அணைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கலீலின் கை நகரவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. பல்புகள் மறுபடி எரிந்தன.

"பரவால்லங்க. திரும்ப வரும்" என்றாள்.

திரும்ப வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவன் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் சொட்டியது. கை அப்படியே இருந்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. 'நீயே போடு' என்று கண்தான் கேட்டது.

நசீம் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவன் கையை விலக்கி, கைப்பிடியைப் பிடித்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இது தப்பினால் இரண்டு மெஷினும் போகும், தனத்தின் நெல்லும் போகும், இவள் சொல்லித்தானே போனது என்ற பேச்சு மட்டும் இந்தச் சந்தை விட்டுப் போகாது. பல்பு மங்கியது. அணைந்தது. ஒன்று. இரண்டு.

மூன்றில் போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சத்தமில்லை, நெருப்பில்லை. இரண்டு எஞ்சின்களும் ஒருகணம் குரலைச் சரிசெய்துகொண்டு ஒரே சுருதியில் ஓடின. பல்புகள் அணைந்தது அணைந்தபடியே இருந்தன.

"ஒண்ணும் ஆவலியே பாய்வூட்டம்மா?" என்றாள் தனம், அழுதுவிடுகிறவள்போல.

"ஒண்ணும் ஆவல அக்கா" என்றாள் நசீம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "அதான் ஆச்சு."

மோட்டாரைக் கிளப்பினார்கள். இரண்டு எஞ்சினும் சேர்ந்து ஒரு முனகு முனகின. இரண்டும் புகைத்தன. ஆனால் படுக்கவில்லை. குழாய் இருமியது. காற்றைத் துப்பியது, சேற்றைத் துப்பியது, பிறகு குழாய் முழுக்கத் தண்ணீர் வந்து விழுந்தது. தனம் வாய்க்கால் வழியே தண்ணீருக்கு முன்னால் ஓடினாள், வழி தெரியாமல் அது எங்கேயாவது போய்விடும் என்பதுபோல. ஒரு மெஷின் மட்டும் அதிகமாகக் கறுப்பாகப் புகைத்தது. கலீல் இரண்டின் ஆம்பியர் முள்ளையும் பார்த்து, சும்மா ஓடிய மெஷினின் திருகை இறுக்கி, பாரத்தைச் சமமாகப் பங்கு வைத்தான். வேலை தெரிந்தவன் அவன், இருட்டைக் கண்டுதான் மிரண்டான்.

பின்னாளில், கல்யாணங்களிலும் கட்சிக் கூட்டங்களிலும் ஜனம் பெருகி இரண்டு மூன்று மெஷின்களைச் சேர்க்க வேண்டிய வேலைகள் வந்தபோது, கலீல் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுவான்: "சுவிட்ச் போட எங்க வீட்ல வருவாங்க. அவங்களுக்குத் தோதான நேரம் சொல்லுங்க." பெருமை கொஞ்சமும் குறையவில்லை. வேறு பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் வந்த அன்று சாயங்காலம் தனம் முழங்கால்வரை சேறோடு வந்து ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். "பல்பு எரியலியேம்மா, பூடுச்சா?"

"எரியாத வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது அக்கா. எரிஞ்சா ஓடி வந்து சொல்லுங்க."

நசீம் அதைச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். தனம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின்கள் ஓடிய மூன்று நாளும் மடை திருப்பிய நேரம்போக மீதி நேரமெல்லாம் அந்தக் கதவில் சாய்ந்து எரியாத பல்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோற்றையும் அங்கேயே வைத்துத் தின்றாள். மெஷினின் அதிர்வில் பல்புகள் ஆடினால்கூட எழுந்து நிற்பாள்.

மூன்றாம் நாள் கடைக்கோடி வயலும் நனைந்துவிட்டது. தனம் அங்கே மடையை அடைத்துக்கொண்டிருந்தபோது, கலீலும் நசீமும் வேலையை முடித்தார்கள். முதலில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள். பிறகு, எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டையும் பிரிக்க நசீம் சுவிட்சை இழுத்தாள். பல்புகள் மெல்ல எரிய ஆரம்பித்தன.

வரப்பின்மேலிருந்து திறந்த கதவு வழியே அந்த வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். "எரியுது! பாய்வூட்டம்மா, பல்பு எரியுது!" என்று அலறிக்கொண்டு தனம் வயல் நடுவே ஓடி வந்தாள். வரப்பில் வழுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடி வந்தாள்.

"பயப்படாதீங்க அக்கா, நாங்கதான் பிரிச்சோம். தண்ணி பாய்ஞ்சிடுச்சு, வேல முடிஞ்சுது" என்றாள் நசீம்.

தனம் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நசீம் பல்புகளைக் கழற்றத் திரும்பினாள். இத்தனை நாள் இருட்டில் தெரியாதது அந்த வெளிச்சத்தில்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பல்பின் கண்ணாடியிலும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. ஒன்றுகூட விடாமல், ஆறிலும் இருந்தது.